ஏறாத வத்தை

நல்லது செய்யக் கிளம்புகிறவனைப் பார்த்ததும், இது எந்தப் பிரிவின் கீழ் குற்றம் என்று யோசிப்பது வக்கீல்களுக்கு உள்ள கெட்ட பழக்கம். என் மனைவி தாஜுன்னிசா இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். சொல்லட்டும். ஐம்பத்தேழாம் வருடத் தேர்தலில் ஹமீது சுல்தான் காக்காவுக்கு நான்தான் ஏஜெண்டு. அந்தப் பழக்கம் இல்லாத ஒருவனை அவர் ஏஜெண்டாகப் போட்டிருந்தால் அவர் கதி அதோகதியாகியிருக்கும்.

காக்கா என்றால் எங்கள் பெரியபட்டினம் பக்கத்தில் அண்ணன். கூடப் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஹமீது சுல்தான் தோணிகள் வைத்துக் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் சரக்கு ஏற்றியவர். எந்தக் கட்சியிலும் சேராமல் சுயேச்சையாக நின்றார். அவருக்குக் கிடைத்த சின்னம் சைக்கிள். எங்கள் கடற்கரை மணலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகலாமே தவிர ஏறி ஓட்ட முடியாது. எதிர்த்து நின்ற வீரபத்திரன் உள்நாட்டில் நிலபுலன் உள்ளவர். "ஓடாத வண்டிக்கு ஓட்டா?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுச் சிரிப்பு வாங்கினார். நாங்களும் சிரித்துவைத்தோம். வேறென்ன செய்வது.

எங்கள் ஊருக்கு எதிரே கடலுக்குள் ஒரு சின்னத் தீவு இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் கிடையாது, நிழலுக்கு நாலு தாழம்புதர். வாடைக்காற்று மாதங்களில் மீன்பிடிக்கிற குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு போய் அங்கே குடிசை போட்டுத் தங்குவார்கள். அந்தக் குடியிருப்புக்கு வாடி என்று பெயர். அவர்களுக்கு ஓட்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில். அவர்கள் கடலுக்குப் போகும் வள்ளங்கள் அவர்களுடையவை அல்ல, ஒரு சம்மாட்டியின் சொத்து. படகு முதலாளியைச் சம்மாட்டி என்பார்கள். அந்தச் சம்மாட்டி வீரபத்திரனின் ஆள் என்பது கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும்.

தேர்தலுக்குச் சில நாள் முன்பு வாடிக்கு ஓட்டுக் கேட்கப் போனோம். காக்காவின் வத்தையில்தான் போனோம். வத்தை என்பது பாய் கட்டி ஓட்டுகிற சின்னப் படகு. அதை ஓட்டும் தண்டல் கனி, வாய்த்துடுக்குக்காரன். தீவில் இறங்கியதும் நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தேன்.

"வக்கீலய்யா, எங்கன போறீக? வத்தைய யாரு இழுத்துவிடுறது?" என்றான் கனி.

எங்கள் கரையில் இது ஒரு முறை. படகில் வந்தவன், ராஜாவாகவே இருந்தாலும், இறங்கியதும் அதைத் தண்ணீர் தொடாத மேட்டுக்கு இழுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்க வேண்டும். இழுக்காமல் போகிறவனை மறுபடி யாரும் ஏற்றமாட்டார்கள். அவன் பேச்சும் சந்தையில் விலைபோகாது. வேட்பாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் இழுத்தார். நான் கறுப்புக் கோட்டோடு பின்னால் தள்ளினேன். கோட்டு நனைந்து நாசமானது. ஓட்டுக் கேட்கப் போகிற இடத்தில் கோட்டு எதற்கு என்று கேட்காதீர்கள், அப்போது எனக்கு அது புதுசு.

வாடியில் எங்களை முதலில் எதிர்கொண்டவள் ஒரு நடுவயதுப் பெண். வலை உலர்த்திக்கொண்டிருந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"எம் பேரு உலகம்மா. இவுக பெஞ்சாதின்னு எழுதிராதீக" என்று பக்கத்தில் நின்ற புருஷனைக் காட்டினாள்.

நான் எதையும் எழுத வரவில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அவள் புருஷன் சின்னக்கருப்பன் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். முதல் தேர்தலுக்கு ஓட்டர் லிஸ்ட் எடுக்க வந்தவர்கள் அவளிடம் பெயர் கேட்டபோது, அந்நிய ஆம்பிளையிடம் பெயர் சொல்வதா என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறாள். சின்னக்கருப்பன் மனைவி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பெயரில்லாத மனைவிமார்களையெல்லாம் பிறகு லிஸ்ட்டிலிருந்து அடித்துவிட்டார்கள். ஐம்பத்திரண்டில் புருஷனோடு கிளம்பிப் போய் வரிசையில் நின்று, உனக்கு ஓட்டு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டாள். அன்றிலிருந்து அம்மை குத்த வருகிறவர், தண்ணீர் கொண்டுவருகிறவர், தீவுக்கு வழிதப்பி வருகிறவர், யார் வந்தாலும் முதலில் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் என்ன ஏது என்று விசாரிப்பாளாம்.

"இப்ப லிஸ்ட்டுல ஏறியிருச்சு. நானே போயிப் பாத்தேன். படிக்கத் தெரியாது, வாத்தியார வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ரெண்டு மட்டம் வாசிக்கச் சொன்னேன்" என்றாள்.

எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது.

காக்கா பேசினார். தீவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஏற்பாட்டைப் பற்றிப் பேசினார், சுருக்கமாகவே பேசினார். பிறகு நான் சட்டம் சொன்னேன். ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். மறைவாக ஒரு தட்டி கட்டியிருக்கும். தட்டிக்குப் பின்னால் ஆளுக்கொரு பெட்டி, பெட்டிமேல் அவரவர் சின்னம். பிடித்த பெட்டியில் சீட்டைப் போடவேண்டியது.

"போட்டது வெளிய தெரியுமா?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"தெரியாது. யாரும் கேட்கவும் கூடாது. நாங்களே வந்து கேட்டாலும் சொல்லாதீங்க."

"அன்னைக்கு வத்தை அனுப்புவீகளா?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார். சின்னக்கருப்பனின் அய்யா அவர்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சட்டத்தில் வண்டி என்று மட்டும் எழுதவில்லை, படகையும் சேர்த்து எழுதியிருக்கிறது. வேட்பாளரோ அவர் ஆளோ வாக்காளர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டுச்சாவடியில் விட்டால், ஜெயித்த தேர்தலும் செல்லாமல் போய்விடும். இதை விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். "ஓட்டு இருக்கிற யாரும் அன்றைக்கு இந்த வத்தையில் கால் வைக்கக்கூடாது. புரிஞ்சுதா?" என்று முடித்தேன். கனி கொட்டாவி விட்டான். உலகம்மாள் மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தேர்தல் நாளன்று காலையில் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தேன். கனி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"வக்கீலய்யா, வாடியில ஒத்த வள்ளம் இல்ல. நேத்தே சம்மாட்டி ஆளுக வந்து அம்புட்டையும் கட்டி இழுத்துட்டு வந்துட்டாக. தார் பூசப் போறாகளாம். கொட்டகையில கவுத்துப் போட்டுருக்கு, நான் பாத்துட்டு வாரேன். தாரையும் காணோம், தார் காய்ச்ச அடுப்பையும் காணோம்."

எனக்குத் தலைக்கேறியது. சாவடி அதிகாரியிடம் போய்க் கத்தினேன். பாவம், நல்ல மனிதர். எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன், ஆனால் கடலுக்குள் என்ன நடக்கிறது என்று நான் எப்படிப் பார்ப்பது என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதம் எந்தக் காலத்தில் யார் கைக்குப் போய் என்ன ஆகப்போகிறது? வாடிக்காரர்களுக்கு ஓட்டு அன்றைக்குத்தானே.

கடற்கரையில் எங்கள் ஆட்கள் காக்காவைச் சூழ்ந்துகொண்டு நின்றார்கள். வத்தையை அனுப்பி எல்லோரையும் அள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரே சத்தம். கொஞ்சம் தள்ளி மணலில் குடையைப் பிடித்துக்கொண்டு கூத்தையா உட்கார்ந்திருந்தார். வீரபத்திரனின் ஏஜெண்டு. வெயிலுக்குக் குடை பிடித்த மனிதர் வெயிலைப் பார்க்கவில்லை, எங்கள் வத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளங்களை எதற்காக எடுத்தார்கள் என்பது அப்போது எனக்கு முழுசாகப் புரிந்தது. வாடி ஓட்டு விழாவிட்டாலும் அவர்களுக்கு லாபம், நாங்கள் போய் ஏற்றிவந்தாலும் லாபம்.

"வத்தையைத் தொடக்கூடாது" என்றேன்.

"சட்டத்துல வேற வழியே இல்லையா தம்பி?" என்று கேட்டார் காக்கா.

வழி இருந்தது. வாக்காளர்களே கூட்டாக வாடகை கொடுத்து, மோட்டார் இல்லாத படகைப் பேசிக்கொண்டு வரலாம். அதற்குச் சட்டம் தடை சொல்லவில்லை. ஆனால் படகு பேசக் கரைக்கு வரவேண்டும், கரைக்கு வரப் படகு வேண்டும். சட்டம் எழுதியவர் தீவில் குடியிருந்தவர் இல்லை.

காக்கா மணலில் உட்கார்ந்துவிட்டார். "சரி, அனுப்ப வேணாம்" என்றார். அன்றைக்குத் தொகுதி முழுக்கச் சுற்ற வேண்டிய மனிதர் தீவைப் பார்த்தபடி அங்கேயே இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. சாவடிக்குத் திரும்பிப் போய் அங்கிருந்தவர்களிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து நான் மறுபடி கடற்கரைக்கு வந்தபோது கனி வத்தையின் மேல் ஏறி நின்று கண்ணுக்குக் கை மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திட்டுல ஆளுக!" என்று கத்தினான்.

தண்ணீர் வற்றும் நேரத்தில் தீவுக்கும் கரைக்கும் நடுவே மணல்திட்டு தலைகாட்டும். சிப்பி பொறுக்குகிறவர்கள் அதில் நடப்பார்கள். ஆனால் திட்டு முழுதாகக் கரை வந்து சேராது. நடுவில் ஓர் ஓடை குறுக்கே ஓடும். அதில் எப்போதும் ஆழம் உண்டு, இழுப்பும் உண்டு. அதைத் தாண்டி யாரும் வருவதில்லை. வாடி முழுக்க அந்தத் திட்டில் வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஆண்கள், பெண்கள், தோளிலும் இடுப்பிலும் பிள்ளைகள். தீவில் பிள்ளைகளை யாரிடம் விட்டு வருவது? தண்ணீர் வற்றட்டும் என்று காலையிலிருந்து காத்திருந்திருக்கிறார்கள். ஆனால் அத்தனை பேரும் பிள்ளைகளோடு மெதுவாக நடந்து ஓடைக்கு வரும்போது தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது.

காக்கா எழுந்தார். "கனி, வத்தையத் தள்ளு."

"காக்கா, ஒரு ஓட்டரை ஏத்தினாலும் போச்சு. கூத்தையா பார்த்துக்கிட்டே இருக்கார்" என்றேன்.

"பாக்கட்டும். பிள்ளைக இருக்கு தம்பி. நாளைக்கு ஒரு பிள்ளையோட மையத்து இங்கன ஒதுங்கினா, நான் சட்டசபையில போயி உக்காந்து என்ன பேச?"

இவ்வளவு சுலபமாக ஒரு மனிதர் தன் தேர்தலைத் தூக்கிப் போட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நானும் வத்தையில் ஏறிக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முன்னால் வந்தவர்கள் ஓடையில் இறங்கியிருந்தார்கள். கரைவலைக்குக் கட்டுகிற நீளக் கயிறு ஒன்றை எல்லோரும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முதல் ஆளாகக் கயிற்றைப் பிடித்து வந்தவள் உலகம்மாள். தண்ணீர் அவள் நெஞ்சுக்கு இருந்தது.

"ஏறுங்க, ஏறுங்க!" என்று கனி வத்தையை அவர்கள் பக்கம் திருப்பினான்.

"தள்ளி நிறுத்துலே! ஒருத்தரும் ஏறமாட்டோம்" என்றாள் உலகம்மாள்.

என் காதையே நான் நம்பவில்லை. "உலகம்மா, தண்ணி ஏறுது. வெளையாடுற நேரமா இது?"

"நீங்கதான வக்கீலய்யா வாடியில நின்னு சொன்னீக? ஓட்டு இருக்கவுக இந்த வத்தையில கால் வைக்கக்கூடாதுன்னு."

"சட்டம் உங்களைச் சாகச் சொல்லலை!"

"சாகுறதுக்கு யாரு வந்தா? ஓட்டுப் போட வாரோம்."

காக்கா விளிம்பில் குனிந்து கையை நீட்டினார். "ஆத்தா, எனக்கு இந்தப் பதவியே வேணாம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஏறுங்க."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஒரு பெண் கைக்குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உலகம்மாள் மறுபடி என்னைப் பார்த்தாள்.

"வக்கீலய்யா, பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லையில்ல?"

"இல்லை. இருபத்தோரு வயசு ஆகணும்."

"அப்பப் பிள்ளைகள வாங்கிக்கங்க."

சட்டத்தில் வாக்காளரை ஏற்றக்கூடாது என்றுதான் இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அந்த நிமிஷத்தில் நான் பிரிவையும் உட்பிரிவையும் நினைக்கவில்லை, கையை நீட்டிப் பிள்ளைகளை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஈரப் பிள்ளைகள், அழுகிற பிள்ளைகள், என் கோட்டில் வாந்தி எடுத்த ஒரு பிள்ளை. வத்தை நிறைந்துவிட்டது. கை காலியானதும் பெரியவர்கள் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். சின்னக்கருப்பன் தன் அய்யாவைத் தோளில் தூக்கி வந்தான்.

"பெரியவரே, நீங்களாவது ஏறுங்க" என்றான் கனி.

"ஏலே, எனக்கும் ஓட்டு இருக்குலே!" என்று தோள்மேல் இருந்தபடி அதட்டினார் கிழவர்.

கனி வத்தையின் கயிற்றை எடுத்து வீசினான். உலகம்மாள் அதைத் தொடவில்லை. "எங்க கயிறு இருக்கு" என்றாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. நடுவில் ஒருத்திக்குக் கால் எழும்பிவிட்டது, இரண்டு பக்கமும் பிடித்திருந்தவர்கள் கயிற்றை இறுக்கி அவளை நிறுத்தினார்கள். கனி பாயை இறக்கிவிட்டு, அவர்கள் நடக்கிற வேகத்துக்கு வத்தையைக் கம்பால் ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தான். வத்தை நிறையப் பிள்ளைகள். பக்கத்தில் தண்ணீருக்கு மேலே தலைகள். பிள்ளைகள் அம்மா அம்மா என்று கூப்பிட, அந்தத் தலைகள் "இந்தா வாரேன், இந்தா வாரேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தன. காக்கா வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். ஓட்டு ஓட்டு என்று மாதக்கணக்கில் தொண்டை வறளக் கத்தியவன் நான், அது எவ்வளவு பெரிய பொருள் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஓடையைக் கடந்தாயிற்று. தண்ணீர் இடுப்புக்கு இறங்கி, முழங்காலுக்கு இறங்கி, கரை வந்தது. கூத்தையா குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். வத்தையில் இருந்து யார் இறங்குகிறார்கள் என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். பிள்ளைகள் இறங்கின. காக்கா இறங்கினார், நான் இறங்கினேன். கூத்தையாவின் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நேரமில்லை. சாவடி மூடப்போகிற நேரம்.

"ஓடுங்க! மணி ஆச்சு, வரிசையில் போய் நில்லுங்க!"

ஆண்கள் ஓடினார்கள். பெண்கள் ஓடவில்லை. உலகம்மாள் வத்தையின் முன்பக்கத்தைப் பிடித்தாள். மற்றப் பெண்களும் இரண்டு பக்கமும் வந்து பிடித்தார்கள்.

"என்ன செய்றீங்க? கதவை அடைச்சிருவான்!" என்று நான் குதித்தேன்.

"பிள்ளைக இதுல வந்துச்சுல்ல? பிள்ளைகளா இழுக்கும்? கத்தாதீக வக்கீலய்யா, ஒத்த இழுப்புத்தான்."

ஏலேலோ என்று ஒரு குரல், எல்லாக் கைகளும் சேர்ந்து ஓர் இழுப்பு. வத்தை மேட்டுக்குப் போய்விட்டது. கூத்தையா இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

சாவடிக் கதவு மூடுமுன் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். நான் ஏஜெண்டுக்குப் போட்ட பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பெண்கள் வரிசையில் வந்தார்கள். அதிகாரி தலையைத் தூக்குமுன், "எம் பேரு உலகம்மா" என்ற குரல் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. அவர் லிஸ்ட்டைப் பார்த்து, உலகம்மாள் என்று திருப்பி வாசித்தார். அவள் ஒரு நிமிஷம் அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். ஈர விரலைத் துடைத்துத் துடைத்துத்தான் மை வைக்க வேண்டியிருந்தது.

தட்டிக்குப் பின்னால் போனவள் வரவே இல்லை. அதிகாரி தட்டியை லேசாகத் தட்டினார்.

"இருங்கய்யா" என்றது உள்ளே இருந்த குரல். "அஞ்சு வருசமா நிக்கிறேன், கொஞ்சம் நின்னு போடுறேன்."

காக்கா ஜெயித்தார். மயிரிழையில் ஜெயித்தார். வாடியில் இருந்த ஓட்டுகளைவிட வித்தியாசம் குறைவு. வீரபத்திரன் சும்மா இருப்பாரா? வேட்பாளர் தன் சொந்தப் படகில் வாக்காளர்களை ஏற்றிவந்தார், ஆகவே தேர்தல் செல்லாது என்று வழக்குப் போட்டார். விசாரணை மதுரையில், அடுத்த வாடைக்காற்றுக் காலத்தில் நடந்தது. நானும் சாட்சி. அதனால் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, என் சாட்சியம் முடிந்ததும் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு யாரும் தரமுடியாது.

அவர்கள் பக்கத்து வக்கீல் கெட்டிக்காரர். யார் ஏறினார், யார் ஏறவில்லை என்று அவர் இழுத்துக்கொண்டிருக்கவில்லை. கூத்தையாவைக் கூண்டில் ஏற்றி எங்கள் கரை வழக்கத்தைச் சொல்ல வைத்தார். படகில் வந்தவன்தான் படகை இழுத்துவிட வேண்டும். வராதவன் இழுப்பதில்லை. பெண்கள் இழுத்ததை ஊரே பார்த்தது. நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். வழக்கம் உண்மை. இழுத்ததும் உண்மை.

உலகம்மாள் கூண்டில் ஏறினாள். "எம் பேரு உலகம்மா" என்றாள், யாரும் கேட்குமுன்பே.

"தேர்தலன்று நீ தீவிலிருந்து எப்படி வந்தாய்?" என்றார் வக்கீல்.

"நடந்து."

"தீவிலிருந்து? கடலில்?"

"ஆமா. நடந்து."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். "நடந்து வந்தவள் வத்தையை எதற்கு இழுத்தாய்? அதில் வந்தவர்கள்தானே இழுப்பார்கள்?"

"எம் பிள்ளைக அதுல வந்துச்சுக. பிள்ளைக ஏறுனா பெத்தவதான் இழுக்கணும். உங்க பிள்ளை ஏறியிருந்தாலும் நீங்க வந்து இழுக்கணும்யா, வக்கீலுன்னா விட்டுருவாகளா?"

இந்தத் தடவை நீதிபதியே சிரித்துவிட்டார். வக்கீல் விடவில்லை, கொஞ்சம் சூடாகிவிட்டார். "சரி, நீ யாருக்கு ஓட்டுப் போட்டாய்?"

"அந்தக் கேள்வியை யாரும் கேட்கக்கூடாது, உங்களுக்குத் தெரியாதா?" என்றார் நீதிபதி. உலகம்மாள் என் பக்கம் திரும்பி, நீங்க சொன்னது சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

கூத்தையாவே, பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் வத்தையிலிருந்து இறங்கி நான் பார்க்கவில்லை என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். வழக்கு தள்ளுபடியானது.

வெளியே ஒரு டீக்கடையில் நின்றோம். காக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. "ஆத்தா, அன்னைக்கு எனக்காக வேண்டி உசிரைக் குடுக்கத் துணிஞ்சீக. எந்தச் செயிப்பும் அதுக்கு ஈடாகாது" என்றார்.

உலகம்மாள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்காகவா?"

"எனக்கு வழக்கு வந்துறக் கூடாதுன்னுதானே வத்தையில ஏறல?"

"அது உங்க பாடு. கோவிச்சுக்கிறாதீக" என்றாள். "உங்க வத்தையில ஏறியிருந்தா, இழுத்துவிடாமப் போகமுடியுமாய்யா?"

"முடியாது."

"பிள்ளைகளுக்கு வந்தது, கையால இழுத்துவிட்டுட்டோம், தீந்துபோச்சு. நானே ஏறியிருந்தா? சாகப்போற நேரத்துல தூக்கிவிட்ட மனுசன் பொட்டியும் அங்கன இருக்கும், மத்தவுக பொட்டியும் இருக்கும். என் கை உங்க பொட்டிக்குத்தான போயிருக்கும்? அப்புறம் நான் எதுக்கு அம்புட்டு தூரம் போனேன்? ஓட்டு எம் பேருல வந்துச்சுய்யா. அதை எடுத்து வத்தைக்கு இழுப்புக்கூலியாக் குடுக்கவா?"

ஒரு வருஷமாக நான் அவளை, எங்கள் தேர்தலைக் காப்பாற்றியவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவள் காப்பாற்றியது அவள் ஓட்டை. அது எங்களுடையதைவிடப் பெரிய விஷயம் என்று எனக்கு அந்த டீக்கடையில் பட்டது.

"அப்படின்னா யாருக்குத்தான்..." என்று நான் ஆரம்பித்தேன்.

காக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். "கேக்காதே தம்பி. நாமளே கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நீதான சொன்னே?"

மறுநாள் ஊர் வந்து சேர்ந்தோம். சாட்சி சொல்ல வந்த வாடிக்காரர்கள் தீவுக்குத் திரும்பவேண்டும். கனி வத்தையைத் தண்ணீரில் தள்ளி வைத்திருந்தான். நானும் மற்றவர்களும் ஏறிவிட்டோம். உலகம்மாள் மட்டும் கரையில் நின்று என்னைப் பார்த்தாள்.

"வக்கீலய்யா, இப்ப ஓட்டு ஒண்ணும் இல்லையில்ல?"

"இல்லை. இன்னும் நாலு வருஷத்துக்கு இல்லை."

"அப்பச் சரி" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். தீவு வந்ததும் முதல் ஆளாகக் குதித்து வத்தையைப் பிடித்தவள் அவள்தான்.